பெருக்கிச் சுற்று அதிக மின்திறன் எடுக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குறைந்த திறனில் ஓட வேண்டும் என்று வடிவமைத்த பெருக்கி (இரண்டு இரும எண்களைப் பெருக்கும் டிஜிட்டல் சுற்று) கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு எடுக்கும்போது, உடனே கட்டமைப்பை மாற்றத் தோன்றும். அதற்கு முன் அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள். அறிகுறி ஒன்றாகத் தெரிந்தாலும் காரணம் வேறாக இருக்கும்; தவறான காரணத்துக்கு மருந்து போட்டால் லாஜிக் கேட் எண்ணிக்கை கூடும், திறன் குறையாது.

அளவுகோலை முதலில் முடிவு செய்யுங்கள். மில்லிவாட்டில் பேசாமல், ஒரு பெருக்கலுக்கு எத்தனை பிகோஜூல் என்று பேசுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு க்ளாக் துடிப்புக்கு ஒரு பெருக்கல் செய்து 2 மில்லிவாட் எடுத்தால் அது 20 பிகோஜூல். அதிர்வெண்ணை 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 1 மில்லிவாட் ஆகும். ஆனால் ஒரு பெருக்கலின் செலவு அதே 20 பிகோஜூல்தான். வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆவதால் கசிவின் (எதுவும் மாறாதபோதும் ஓடும் மின்னோட்டத்தின்) பங்கு உண்மையில் கூடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான சமன்பாடு: இயங்கு திறன் = மாறும் வீதம் × மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் இருபடி × அதிர்வெண். பெருக்கியில் பெரும்பாலும் ஏமாற்றுவது முதல் உறுப்பு, மாறும் வீதம்: ஒரு துடிப்பில் ஒரு கம்பி 0, 1 இடையே எத்தனை முறை மாறுகிறது என்பது.

அறிகுறி: வடிவமைப்பு மென்பொருள் கருவி சொன்ன மதிப்பீடும் பலகையில் அளந்ததும் ஒத்துவரவில்லை

சுற்றைத் தொடாதீர்கள். பிழை மதிப்பீட்டில் இருக்கலாம். பின்வரும் வரிசையில் பாருங்கள்.

மாறும் வீதத்தைக் கருவி எங்கிருந்து எடுத்தது? எதுவும் கொடுக்காவிட்டால் எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே இயல்பு மதிப்பை வைத்துக்கொள்ளும். பெருக்கியின் கீழ் பிட்டுகளும் மேல் பிட்டுகளும் ஒரே வீதத்தில் மாறுவதே இல்லை என்பதால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. சின்தசிஸ் முடிந்த நெட்லிஸ்டை (கேட்டுகளும் அவற்றின் இணைப்புகளும் அடங்கிய பட்டியலை) எஸ்டிஎஃப் தாமதக் கோப்புடன் சிமுலேட் செய்து, மாற்றங்களைப் பதியும் விசிடி அல்லது எஸ்ஏஐஎஃப் கோப்பாக எடுத்துக் கொடுங்கள். சில ஆயிரம் பெருக்கல்களாவது இருக்கட்டும். தரவு உண்மைப் பயன்பாட்டிலிருந்து வரட்டும். சீரற்ற எண்களை ஊட்டினால் பேச்சு ஒலி, படப் புள்ளி போன்றவற்றின் நடத்தை வராது.

அடுத்து, அந்தக் கோப்பு உண்மையில் ஒட்டியதா? திறன் அறிக்கையில் எத்தனை சதவீத இணைப்புகளுக்குச் செயல்பாடு கிடைத்தது என்ற வரி இருக்கும். சிமுலேஷனில் இருந்த மேலடுக்குப் பெயரை நீக்க மறந்தால் பெயர்கள் பொருந்தாமல் போய், கருவி மீண்டும் இயல்பு மதிப்புக்கே திரும்பிவிடும். எச்சரிக்கை மட்டும் பதிவுக் கோப்பில் எங்கோ புதைந்திருக்கும்.

கடைசியாக, பதிவு செய்த காலப் பகுதி. ரீசெட் நேரமும் அதில் சேர்ந்திருந்தால் சராசரி குறைந்து, சுற்று உண்மையைவிடச் சிக்கனமாகத் தெரியும். முதல் சரியான விடை வெளிவந்த பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

அறிகுறி: பிட் அகலத்தைக் கூட்டக் கூட்ட ஆற்றல் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறுகிறது

இது க்ளிட்ச்: விடை நிலைக்கும் முன் முனைகள் வீணாக ஏறி இறங்குவது. இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். பெருக்கியில் வீணாகும் ஆற்றலில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

உறுதி செய்யும் வழி எளிது. ஒரே தரவை இரண்டு முறை சிமுலேட் செய்யுங்கள்: ஒருமுறை தாமதம் எதுவும் இல்லாமல், இன்னொரு முறை எஸ்டிஎஃப் தாமதங்களுடன். தாமதமில்லா ஓட்டத்தில் வருவது விடைக்குத் தேவையான மாற்றங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் க்ளிட்ச். ஒரு துடிப்புக்குள் ஒரு முனை அதிகபட்சம் ஒருமுறை மாறினால் போதும். கூட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கும் அணிவரிசைப் பெருக்கியின் கீழ் வரிசைகளில் அதே முனை பலமுறை ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

16×16 அணிவரிசையில் 256 ஆண்ட் கேட்டுகள், 224 முழுக் கூட்டிகள் (மூன்று பிட்டுகளைக் கூட்டுபவை), 16 அரைக் கூட்டிகள் (இரண்டு பிட்டுகளைக் கூட்டுபவை). ஆண்ட் கேட்டுகள் தரும் பகுதிப் பெருக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தயாராகிவிடும். ஆனால் கூட்டிகள் 15 வரிசை ஆழத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. பத்தாவது வரிசைக் கூட்டிக்குப் பகுதிப் பெருக்க பிட் முதலிலேயே வந்துவிடும். மேலிருந்து வரும் கூட்டலும் மிகையும் (கேரி) ஒன்பது வரிசைகளைக் கடந்து, வெவ்வேறு நேரத்தில் வரும். ஒவ்வொரு வருகைக்கும் அது ஒரு தற்காலிக விடையைக் கீழே அனுப்பும். அந்தப் பொய் விடை கீழ் வரிசைகளில் பெருகும்.

டாடா (Dadda) மரத்துக்கு, அதாவது வரிசைகளைக் கட்டம் கட்டமாகச் சுருக்கும் கூட்டி அமைப்புக்கு, மாறினால் 16 வரிசைகள் 13, 9, 6, 4, 3, 2 என்று 6 கட்டங்களில் சுருங்கும். கூட்டிகளை எண்ணிப் பாருங்கள்: சுருக்கத்துக்கு 195 முழுக் கூட்டிகள், 15 அரைக் கூட்டிகள், கடைசி 30 பிட் கூட்டியைச் சாதாரண மிகைத்தொடராகக் கட்டினால் இன்னும் 29 முழு, 1 அரை. மொத்தம் 224, 16. அணிவரிசையில் இருந்த அதே எண்ணிக்கை! ஒரு கேட்கூடக் குறையவில்லை. ஆழமும் வருகை நேரமும்தான் மாறின. ஆற்றல் குறைவது அதனால்தான். பரப்பளவு அறிக்கையை மட்டும் பார்த்து, “மரத்தால் லாபமில்லை” என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் மரத்தின் கம்பிகள் ஒழுங்கற்றவை, நீளமானவை. 8 பிட்டில் கம்பியின் மின்தேக்குத்திறனே லாபத்தைத் தின்றுவிடலாம். இடமமைப்பும் கம்பியிணைப்பும் முடிந்த பிறகு கிடைக்கும் எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

மரமும் போதாதென்றால் நடுவில் ஒரு ரெஜிஸ்டர் (க்ளாக் துடிப்பில் மட்டும் எண்ணைப் பிடித்து வைக்கும் உறுப்பு) வரிசை வையுங்கள். அது க்ளிட்சை அங்கேயே நிறுத்தும். விலை: அந்த ரெஜிஸ்டர்களின் க்ளாக் திறன், ஒரு துடிப்புத் தாமதம். மரத்தின் உச்சியில் வெட்டினால் நிறைய பிட்டுகளைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு வரிசையாகச் சுருங்கிய இடத்தில், கடைசிக் கூட்டிக்கு முன்னால் வெட்டுவது மலிவு. முடிவு தயார் என்று சொல்லும் சிக்னலையும் ஒரு துடிப்பு தள்ளிவைக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு விடையும் முந்தைய பெருக்கலுடையதாக வரும். திறன் பிரச்சினையைத் தீர்க்கப் போய் தர்க்கப் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உள்ளீடுகள் எப்படி வருகின்றன என்றும் பாருங்கள். ஒரு உள்ளீடு நேரடியாக ரெஜிஸ்டரிலிருந்தும், மற்றது ஒரு கூட்டி, ஒரு மல்டிபிளக்ஸர் தாண்டியும் வந்தால், முன்னால் உருவான க்ளிட்ச் பெருக்கிக்குள் நுழைந்து பல மடங்காகும். பெருக்கியின் இரண்டு உள்ளீடுகளும் ரெஜிஸ்டரிலிருந்து நேராக வரட்டும்.

பூத் குறியாக்கம் (பெருக்கும் எண்ணின் பிட்டுகளைத் தொகுதிகளாகப் படித்து வரிசைகளைக் குறைக்கும் முறை) செய்திருந்தால் இன்னொரு ஓட்டப்பந்தயம் உண்டு. பெருக்கப்படும் எண் உடனே வந்துவிடும். ‘ஒரு மடங்கு’, ‘இரு மடங்கு’, ‘எதிர்க்குறி’ தேர்வு சிக்னல்கள் குறியாக்கியைக் கடந்து பின்னால் வரும். அந்த இடைவெளியில் தேர்வி பழைய தேர்வின்படி ஒரு வரிசையைத் தந்து, பிறகு மாற்றும். ஒவ்வொரு வரிசையிலும் பதினாறு பதினேழு பிட்டுகள் இப்படிப் புரளும். மூன்று தேர்வு சிக்னல்களின் தாமதத்தையும் சமமாக்குங்கள். ஒவ்வொன்றும் அந்த அத்தனை தேர்விகளையும் ஓட்டுவதால் பஃபரின் அளவையும் சரிபாருங்கள்.

அறிகுறி: எண்கள் சிறியவை, ஆனாலும் பெருக்கி முழு அகலத்துக்கும் துடிக்கிறது

ஒலி போன்ற சிக்னல்கள் சுழியைச் சுற்றியே அலையும். இரண்டின் நிரப்பியில் 16 பிட்டில் +1 என்பது பதினைந்து 0, ஒரு 1. −1 என்பது பதினாறு 1. குறி மாறும்போதெல்லாம் 15 பிட்டுகள் புரள்கின்றன. எண்ணின் மதிப்போ வெறும் 2 தான் மாறியது.

இரண்டு வழிகள். குறியைத் தனியாகவும் அளவைத் தனியாகவும் வைத்துப் பெருக்கி, குறிகளை ஓர் எக்ஸார் கேட்டில் சேர்க்கலாம். மாற்றும் சுற்றின் செலவு உண்டு, எனவே ஒருமுறை மாற்றிய எண் பல பெருக்கல்களுக்குப் பயன்படுமானால்தான் லாபம். இரண்டாவது வழி, பெரும்பாலும் நல்ல வழி: அலையும் எண்ணைப் பூத் குறியாக்கும் பக்கத்துக்குக் கொடுங்கள். நான்கடிப் (ஒரு தொகுதிக்கு மூன்று பிட் படிக்கும்) பூத்தில் 000 என்ற தொகுதியும் 111 என்ற தொகுதியும் சுழி வரிசையையே தருகின்றன. மேல் பிட்டுகள் எப்படிப் புரண்டாலும் மேல் வரிசைகள் அசையாது.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு தவறு. எதிர்க்குறி சிக்னலைத் தொகுதியின் மேல் பிட்டிலிருந்து நேரடியாக எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 111 தொகுதியில் சுழி வரிசை முழுவதும் 1 ஆகிக் கூடவே ஒரு திருத்த 1 சேரும். விடை சரியாகவே வரும், சோதனை எல்லாம் தேறும், ஆனால் ஒவ்வொரு குறி மாற்றத்துக்கும் அந்த வரிசை மொத்தமும் புரளும். மேல் பிட் 1, மற்ற இரண்டில் ஒன்றாவது 0 என்றால் மட்டுமே எதிர்க்குறி என்று எழுதுங்கள்.

இரண்டு தடங்களை ஒரே பெருக்கியில் மாற்றி மாற்றி ஓட்டினாலும் இதே அறிகுறி வரும். அடுத்தடுத்த மாதிரிகளுக்கு இடையே இருந்த ஒற்றுமை போய்விடுகிறது. ஒரு குணகத்தை நிலையாக வைத்து, அதனுடன் பெருக்க வேண்டிய எல்லா மாதிரிகளையும் தொடர்ந்து ஓட்டும்படி வரிசையை மாற்றினால், ஒரு பக்கமாவது அமைதியாக இருக்கும்.

அறிகுறி: பெருக்கச் சொல்லாத துடிப்புகளிலும் திறன் குறையவில்லை

பெருக்கியின் விடையைப் பயன்படுத்தாவிட்டாலும், உள்ளீட்டில் எண் மாறினால் அது பெருக்கியே தீரும். உள்ளீட்டு ரெஜிஸ்டர்களுக்கு அனுமதி சிக்னல் வைத்துப் பழைய எண்ணையே பிடித்திருக்கச் செய்யுங்கள். அதற்குப் பதிலாக ஆண்ட் கேட் வைத்துச் சுழியாக்குவது மலிவாகத் தெரியும். வேலையும் ஓய்வும் ஒன்றுவிட்டு ஒரு துடிப்பாக வந்தால் அது ஆபத்து: எண்ணிலிருந்து சுழிக்கு ஒருமுறை, சுழியிலிருந்து அடுத்த எண்ணுக்கு இன்னொரு முறை என்று மாற்றம் கூடுகிறது. நீண்ட ஓய்வுக்கு ஆண்ட் போதும். சிறு ஓய்வுகளுக்குப் பிடித்து வைப்பதே சரி.

க்ளாக்கை நிறுத்தும்போது வெறும் ஆண்ட் கேட் போடாதீர்கள். அனுமதி சிக்னல் துடிப்பின் நடுவில் மாறினால் அரைத் துடிப்பு உருவாகி, சில ரெஜிஸ்டர்கள் மட்டும் எண்ணைப் பிடிக்கும். நூலகத்தில் உள்ள, லாட்ச் சேர்ந்த க்ளாக் கேட்டிங் செல்லையே பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று ரெஜிஸ்டர்களுக்காக ஒரு செல் வைத்தால் அந்தச் செல்லின் செலவே மிஞ்சும்.

க்ளாக் முழுதும் நின்ற பிறகும் மின்னோட்டம் இருந்தால் அது கசிவு. சில்லைச் சூடாக்கிப் பாருங்கள். வேகமாக ஏறினால் உறுதி. நேர நெருக்கடி இல்லாத பாதைகளில் உயர் வாயில் மின்னழுத்த (டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான threshold மின்னழுத்தம் கூடிய) செல்களை வையுங்கள். மரத்தின் ஓரப் பத்திகளில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு.

அறிகுறி: எஃப்பிஜிஏவில் ஒரு பெருக்கிக்கு இரண்டு டிஎஸ்பி தொகுதிகள், அல்லது கூடவே எல்யூடிகள் போகின்றன

எஃப்பிஜிஏ என்பது பயனரே நிரலாக்கும் சில்லு; டிஎஸ்பி தொகுதி அதில் தயாராக உள்ள பெருக்கி, எல்யூடி சிறு தர்க்க அட்டவணை. முதலில் அகலம். ஜைலிங்க்ஸ் 7 வரிசையின் டிஎஸ்பி48இ1 தொகுதியில் 25×18 பெருக்கி இருக்கிறது; அது குறியுள்ள எண்களுக்கானது. குறியில்லாத 18 பிட் எண்ணைக் கொடுத்தால் குறிக்கு ஒரு பிட் சேர்ந்து 19 ஆகும். 18×18 குறியில்லாப் பெருக்கல் அதனால் ஒரே தொகுதியில் அடங்காது. 17 பிட்டுக்குக் குறைத்தால் அடங்கும். ஒரே ஒரு பிட்டுக்காக ஆற்றல் வெகுவாக ஏறுவது இங்கேதான்.

அடுத்து ரீசெட். அந்தத் தொகுதிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்களுக்கு க்ளாக்குடன் ஒத்திசைந்த ரீசெட் மட்டுமே உண்டு. நீங்கள் ஒத்திசையாத ரீசெட் எழுதியிருந்தால் ரெஜிஸ்டர்கள் வெளியே சாதாரண ஃப்ளிப் ஃப்ளாப்புகளாக நின்றுவிடும். பெருக்கியின் க்ளிட்ச் வெளிக் கம்பிகள் வரை வழியும். ரீசெட்டை மாற்றி எழுதி, உள்ளீட்டு ரெஜிஸ்டரும் பெருக்கிக்குப் பின்னுள்ள ரெஜிஸ்டரும் தொகுதிக்குள் போய்விட்டனவா என்று அறிக்கையில் பாருங்கள்.

நிலையான எண்ணால் பெருக்குவதற்குத் தொகுதியே தேவைப்படாமல் இருக்கலாம். 231 ஐ இருமத்தில் எழுதினால் ஆறு 1 கள், ஐந்து கூட்டல்கள். 256 − 32 + 8 − 1 என்று எழுதினால் மூன்றே.

அறிகுறி: மின்னழுத்தத்தை இறக்கியதும் விடை தவறுகிறது

1.0 வோல்டிலிருந்து 0.8க்கு இறக்கினால் இயங்கு ஆற்றல் 64 சதவீதமாகும். அதனால் எல்லோரும் இதை முயல்கிறார்கள். தவறு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: க்ளாக்கைப் பாதியாக்குங்கள். விடை சரியானால் அது செட்டப் மீறல், பாதை தாமதமாகிவிட்டது. கூட்டியின் மிகைச் சங்கிலியைப் பாருங்கள். க்ளாக்கை எவ்வளவு குறைத்தாலும் தவறு தொடர்ந்தால் அது ஹோல்ட் மீறல் (புதிய எண் மிக விரைவில் வந்து பழையதைக் கெடுப்பது), அல்லது மின்னழுத்த எல்லையில் பிரச்சினை. ஹோல்ட் மீறலுக்கும் க்ளாக் வேகத்துக்கும் தொடர்பில்லை.

குறைந்த மின்னழுத்தப் பகுதியிலிருந்து கூடிய பகுதிக்குப் போகும் ஒவ்வொரு கம்பிக்கும் மட்டமாற்றி வேண்டும். இல்லாவிட்டால் வாங்கும் பக்கத்துப் பிமாஸ் டிரான்சிஸ்டர் முழுதாக அணையாது. விடை சரியாக இருக்கும்போதுகூட நிலையான மின்னோட்டம் ஓடும், நீங்கள் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும்.

சூட்டில் மட்டும் சோதிக்காதீர்கள். குறைந்த மின்னழுத்தத்தில் டிரான்சிஸ்டர்கள் குளிரில்தான் மெதுவாகின்றன.

அறிகுறி: டிரான்சிஸ்டர் குறைந்த முழுக் கூட்டியை வைத்தும் ஆற்றல் ஏறியது

செல்லை நீங்களே வரைகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் சந்திப்பீர்கள். வழக்கமான சிமாஸ் முழுக் கூட்டிக்கு 28 டிரான்சிஸ்டர்கள். 10 டிரான்சிஸ்டரில் ஒன்று கிடைக்கிறது என்று மாற்றினால், என்மாஸ் வழியாகக் கடத்தப்படும் 1 முழு மின்னழுத்தத்தை எட்டாது. வாயில் மின்னழுத்தம் அளவுக்குக் குறைந்தே நிற்கும். அது அடுத்த இன்வெர்ட்டரின் பிமாஸை அரைகுறையாகத் திறந்து வைக்கிறது. தனி செல்லாகப் பார்த்தால் தெரியாது. பெருக்கியில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது மட்டம் தேய்ந்துகொண்டே போகும்.

ஸ்பைஸ் சுற்று சிமுலேட்டரில் உள்ளீடுகளை நிலையாக நிறுத்தி, எல்லாம் அடங்கிய பிறகு மின்வழங்கியின் மின்னோட்டத்தைப் பாருங்கள். கசிவை விடப் பலமடங்கு ஓடினால் காரணம் இதுதான். கடத்து கேட்டுக்கு (என்மாஸும் பிமாஸும் சேர்ந்து கடத்துவது) மாறுங்கள், அல்லது இரண்டு மூன்று கட்டங்களுக்கு ஒருமுறை பஃபர் வையுங்கள்.

இந்தச் செல்களை ஒப்பிடும் சோதனைகளிலேயே ஒரு பிழை பரவலாக இருக்கிறது. உள்ளீட்டை இலட்சிய மின்னழுத்த மூலத்தால் ஓட்டினால், கடத்து டிரான்சிஸ்டர் வழியாக அந்த மூலமே மின்னோட்டம் தந்துவிடும். மின்வழங்கிக் கணக்கில் அது வராது. செல் அதிசயமாகத் தெரியும். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் உண்மையான இன்வெர்ட்டர்களை வைத்து, அவற்றின் மின்னோட்டத்தையும் சேர்த்து அளவிடுங்கள். மூன்று உள்ளீடுகளின் 8 நிலைகளுக்கு இடையே 56 மாற்றங்கள் உண்டு. ஐம்பத்தாறையும் ஓட்டுங்கள், சில மாற்றங்கள் மற்றவற்றைவிட வெகு மோசமாக இருக்கும்.

அறிகுறி: தோராயப் பெருக்கி வைத்ததும் ஆற்றல் குறைந்தது, விடை ஒரே பக்கமாகச் சாய்கிறது

ஆற்றலைக் குறைக்கக் கீழ்ப் பத்திகளை (சிறிய மதிப்புள்ள பிட்டுகளின் நெடுவரிசைகளை) வெட்டினால் பிழை எப்போதும் குறைவுப் பக்கமே. 8×8 இல் மேல் 8 பிட் மட்டும் வேண்டும் என்று கீழ் 8 பத்திகளையும் எடுத்துவிட்டால் 64 ஆண்ட் பிட்டுகளில் 36 போகும். ஒவ்வொரு பிட்டும் 1 ஆக இருக்கும் வாய்ப்பு 1/4 என்று கொண்டால் சராசரி இழப்பு 448.25, விடையின் கடைசி இடத்தின் மதிப்பான 256 ஆல் வகுத்தால் 1.75 அலகு. இரண்டு பத்திகளைக் காவலாக விட்டுவைத்து 6 பத்திகளை மட்டும் வெட்டினால் 21 பிட்டுகள் போகும். அதன் இழப்பு 80.25, முடிவில் காவல் பிட்டுகளை உதிர்ப்பதில் சுமார் 96, ஆக 176 சொச்சம். கடைசி இட அலகில் 0.69.

சிறிதாகத் தோன்றும். 64 பெருக்கல்களைக் குவித்தால் 44 அலகு சாய்வு. காவல் பத்திகள் இரண்டிலும் தலா ஒரு நிலையான 1 சேர்த்துவிடுங்கள்: 128 + 64 = 192, சாய்வு ஏறக்குறைய அடங்கும். கூட்டியில் சும்மா கிடக்கும் உள்ளீட்டில் அதை நுழைத்துவிடலாம். குறியுள்ள எண்களைப் பெருக்கும் பாவ்–வூலி அமைப்பில் (பத்திகளை 0 இலிருந்து எண்ணினால்) 7ஆம் பத்தியிலிருந்து சில பிட்டுகள் தலைகீழானவை, 1 ஆகும் வாய்ப்பு 3/4. அந்தப் பத்தியையும் வெட்டுவதானால் திருத்த எண்ணைப் புதிதாகக் கணக்கிடுங்கள். மிட்செல் 1962இல் முன்வைத்த, மடக்கைகளைக் கூட்டிப் பெருக்கும் மடக்கைப் பெருக்கியிலும் பிழை ஒரே பக்கம்தான்: அதிகபட்சம் 11.1 சதவீதம் குறைவு.

அறிகுறி: பெருக்கியின் ஆற்றல் பாதியானது, சாதனத்தின் மொத்தம் அசையவில்லை

நினைவகத்தைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் 45 நானோமீட்டர், 0.9 வோல்டுக்குத் தந்த தோராய எண்கள்: 8 பிட் முழுஎண் பெருக்கல் 0.2 பிகோஜூல், 32 பிட்டில் 3.1, 8 கிலோபைட் கேஷிலிருந்து 64 பிட் படிக்க 10 பிகோஜூல். 8 பிட் எண் ஒன்றுக்காக ஒவ்வொரு முறையும் முழுச் சொல்லையும் படித்தால், பெருக்கலைப் போல ஐம்பது மடங்கு படிப்பதற்கே போகிறது. பெருக்கியை இலவசமாக்கினாலும் தெரியாது. ஒருமுறை படித்த 64 பிட்டை ரெஜிஸ்டரில் வைத்து எட்டு எண்களையும் வரிசையாகப் பயன்படுத்துங்கள், எண்ணுக்கு 1.25 பிகோஜூலாக இறங்கும். ஒரே குணகத்தை எட்டு பெருக்கல்களுக்கு நிறுத்தி வைத்தால் அந்தப் பக்கத்துப் படிப்பும் எட்டில் ஒன்றாகும்; அதே ஏற்பாடு பெருக்கியின் ஒரு உள்ளீட்டையும் அசையாமல் வைக்கிறது.